இடப்பக்கத்து மிதியடி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் காரின் பிரேக்கை என்னைக் கேட்காமல் கழற்றிவிட்டார்கள். செய்தது என் மகள் ஹெப்சி. செய்துகொடுத்தது கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறை. என் மனைவி லில்லிக்கு இது முன்பே தெரியும் என்று சந்தேகப்படுகிறேன். தேதி போட்டு எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் காரணம் என்று தெரிய வேண்டும்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வால்பாறைக்கு வந்திருந்தபோது ஹெப்சி, "அப்பா, வண்டிய நான் எடுத்துட்டுப் போய் சர்வீஸ் விட்டுக் கொண்டாந்து தரேன்" என்றாள். ஆயில் மாற்றுவார்கள், கழுவுவார்கள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தேன். நேற்று மாலை கொண்டுவந்து நிறுத்தினாள். இன்று காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட நிற்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சர்ச்சிலிருந்து வந்து காரைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். முன் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது. அதன் பின்னால் டிஸ்க். பழைய டிஸ்க் சிறிய சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். இது தோசைக்கல். அது உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக நான்கு சக்கரங்களையும் பெரிதாக மாற்றியிருக்கிறார்கள்.

போன் செய்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல. மலை இறக்கத்துக்கு நல்லதுப்பா. லேசா மிதிச்சாலே நின்னுரும்."

"நான் என்ன ரேஸுக்கா போறேன்?"

"இல்லப்பா" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். லில்லி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

லில்லியின் வலது கண்ணில் புரை. 21ஆம் தேதி பொள்ளாச்சியில் ஆபரேஷன். நான்தான் ஓட்டிப் போகிறேன். கீழே ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எனக்குக் கார் ஓட்ட யாரும் சொல்லித்தரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நோட்டுப் புத்தகக் கடை வைத்தேன். கடையில் இருந்த புத்தகங்களைப் பார்த்து இங்கிலீஷ் படித்தேன். ஓர் எஸ்டேட் ஜீப்பை வைத்துக்கொண்டு தனியாகவே ஓட்டப் பழகினேன். இத்தனை வருடத்தில் இந்த ரோட்டில் என் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பின் கதவில் இருப்பது பஜாரில் யாரோ உரசிவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை விட்ட நேரத்தில் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்தேன். ஏறவில்லை. ஸ்டெப்னி பழைய சிறிய சக்கரம். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சிவப்புப் பெட்டி அதை உள்ளே விடவில்லை. ஆக, நடுமலையில் முன் டயர் பஞ்சரானால் டிக்கியில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்க வேண்டியதுதான். பந்தயக் கார்க்காரர்களுக்கு இந்த யோசனை இல்லை. ஹெப்சிக்கும் இல்லை. எனக்கு இருந்தது.

போன் செய்து சொன்னேன். "அது தோணலப்பா" என்றாள்.

பழைய பிரேக்கை என்ன செய்தாய் என்று கேட்டேன். டிக்கியில் கோணிக்குள் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். அந்த மட்டில் நல்லது.

ஆகஸ்ட் 6, புதன்

புது பிரேக்கோடு ஒரு துண்டு இங்கிலீஷ் தாள் வந்திருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். முதலில் மெதுவாகப் பலமுறை மிதித்துப் பழக்க வேண்டுமாம். அதன் பிறகு ஓட்டுபவரின் காலுக்கு உறுதியான உணர்வு கிடைக்குமாம்.

பஜார் வரை போய் வந்தேன். சொன்னபடியே மிதித்தேன். என் காலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பஞ்சு மூட்டையை மிதிப்பது போல இருக்கிறது. பழைய பிரேக் என் காலோடு பேசும். எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வரும். இது ஊமை. ஒன்றும் சொல்லாமல் இருந்து, சட்டென்று கட்டிப் போட்டதுபோல நின்றுவிடுகிறது. தபாலாபீஸ் முன்னால் லில்லி முன்னே சாய்ந்து நெற்றியை இடித்துக்கொள்ளப் பார்த்தாள். கையை ஊன்றித் தப்பித்தாள். அந்தக் கண்ணில் அடிபட்டிருந்தால்?

மெக்கானிக் காசிமின் ஷெட்டில் நிறுத்தினேன். அவன் ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"அண்ணாச்சி, சும்மா நச்சுன்னு நிக்குது. இந்த மலையில எவன்கிட்டயும் இப்படி பிரேக் கெடையாது."

"பெடல்ல ஒண்ணுமே தெரியல காசிம்."

"தெரியுதே."

"எனக்குத் தெரியல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் என் செருப்பைப் பார்த்தான். ஹெப்சி அவனிடமும் பேசியிருப்பாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இடைவிடாத மழை. ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். லில்லி சமையலறையிலிருந்து, "ஏங்க, என்னமோ கருகுதே" என்றாள். என் வலது கால் உறைதான். கம்பளி கருகி ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே குதிகாலில் கொப்பளம்.

"சுட்டது தெரியலையா?"

செய்தியில் ஆழ்ந்திருந்தேன் என்றேன். ஹீட்டர் தரக்குறைவான பொருள். மருந்து போட்டாயிற்று. சர்க்கரை மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகும் வழியில் வலது செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. வாசற்படியில் லில்லி சொன்னபோதுதான் பார்த்தேன். திரும்பப் போனால் பாலத்தருகே சேற்றில் கிடந்தது. கடைக்காரன் அளவு பெரிதாகக் கொடுத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

21ஆம் தேதிக்கு முன் ஒருமுறை தனியாக இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று போனேன். லில்லியிடம் பெட்ரோல் போடப் போவதாகச் சொன்னேன்.

வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கினேன். காலையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இதற்கு முன் நான் அப்படி ஓட்டியதில்லை. ரோட்டைத்தான் நினைப்பேன். உள்ளங்கை ஈரமாகி ஸ்டியரிங் வழுக்கியது. கருகிய வாடை வந்தது. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டி அதை விட்டுவிட்டேன். வாடை போகவில்லை.

ஒரு திருப்பத்தில் பின்னால் வந்த தேயிலை லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"பெரியவரே, மேலருந்து பார்த்துட்டே வரேன். உங்க பிரேக் லைட்டு அணையவே இல்ல. மிதிச்சுட்டேவா வர்றீங்க?"

"இல்லையே."

"இப்பவும் எரியுதே" என்றான். கிளீனர் இறங்கி வந்து என் முன் சக்கரத்தைப் பார்த்தான். "அண்ணே, புகை" என்றான்.

குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. எடுத்தேன். லைட் அணைந்துவிட்டதாகக் கிளீனர் சொன்னான். ஆறவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அடிக்கடி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேன்.

லைட் சுவிட்சில் கோளாறு. காசிமிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

காசிம் சுவிட்சைப் பார்த்தான். "சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி." அவன் பார்த்த லட்சணம்.

ஷெட்டில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வேலைக்கு வந்திருந்தது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல். ஒரு வண்டிக்கு இரண்டு எஜமானா என்று கேட்டேன். "பயம் இருந்தா ரெண்டும் வேணும்ல" என்று காசிம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோணி மூட்டையை எடுத்து அவன் முன் வைத்தேன். "பழசையே மாட்டு."

"அண்ணாச்சி, நல்ல பிரேக்கக் கழட்டிட்டு யாராவது..."

"வண்டி என்னுது."

"பாப்பா கேட்டா நான் என்ன சொல்ல?"

"அவ என்னக் கேட்டாளா?"

அவன் மூட்டையை வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை தருவதாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காசிம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அதுவரை கழுவியாவது வைக்கலாம் என்று காருக்குள் தரையில் கிடக்கும் மிதியடிகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து சோப்புப் போட்டேன். என் பக்கத்து மிதியடி புதிது போல இருக்கிறது. லில்லி உட்காரும் இடப்பக்கத்து மிதியடியில், சரியாக அவள் வலது கால் படும் இடத்தில், ரப்பர் தேய்ந்து துணி தெரிகிறது. எடையே இல்லாத மனுஷி. சும்மா உட்கார்ந்து வருபவளுக்கு மிதியடி எப்படித் தேயும் என்று கேட்டேன்.

"நானும் உங்ககூட மிதிச்சிட்டுத்தான வாரேன்" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பழைய பிரேக் ஏறிவிட்டது. பெரிய சக்கரத்துக்குள் அந்தச் சின்ன டிஸ்க் அப்பாவின் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. எனக்குத் தெரிந்த பிரேக்.

ஓட்டிப் பார்த்தேன்.

அதுவும் பேசவில்லை.

காசிம் சரியாக மாட்டவில்லை. பைப்பில் காற்று இருக்கும். திரும்பக் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே காற்றை எடுத்தான், ஆயிலைப் புதிதாக ஊற்றினான். மறுபடி ஓட்டினேன். கார் நிற்கிறது. மிதித்தால் நிற்கிறது. ஆனால் மிதிக்கிறேன் என்பதே கார் நின்றால்தான் எனக்குத் தெரிகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. லில்லி தனியாகப் போனாள். காரை நான் எடுக்கவில்லை, மழை என்று சொன்னேன். மழை பெய்யவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம், கண் அழுத்தம் எல்லாம் பார்க்க இன்று வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போவோமே என்றாள் லில்லி. கார் இருக்கும்போது எதற்கு பஸ் என்றேன். ஷூ போட்டு நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மேலே பனிமூட்டம். இரண்டாம் கியரில் இறங்கினேன். லில்லி வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டு வந்தாள். நிறுத்து என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பாதிக்குக் கீழே வந்ததும் பனி விலகிவிட்டது. பாதி பயம் போயிற்று. மூன்றாம் கியருக்கு மாற்றினேன்.

கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவு. கீழே ஆழியாறு அணை முழுவதும் தெரியும் இடம். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். கார் வேகம் எடுத்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் வேகம் எடுத்தது. லில்லி, "கால், கால்" என்றாள். காலுக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்க்க நேரமில்லை. என் கால் எங்கே இருக்கிறது என்பதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீரும் வானமும்தான் இருந்தன.

ஹேண்ட் பிரேக் இழுபட்டது. நான் முழங்காலோடு காலைத் தூக்கினேன். பின் சக்கரங்கள் அலறின. கார் பக்கவாட்டில் திரும்பி, இடப்பக்கக் கதவு கைப்பிடிச் சுவரில் உரச நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நான்தான். அந்த நேரத்திலும் எனக்கு நிதானம் இருந்திருக்கிறது.

சுவரின் மேல் ஒரு வரையாடு நின்றது. அது ஓடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு அசை போட்டது.

லில்லிதான் முதலில் பேசினாள். "என் பக்கம் கதவு தெறக்காது. நீங்க எறங்குங்க, உங்க பக்கமா வாரேன்."

என்னால் உடனே இறங்க முடியவில்லை. கால் நடுங்கியது என்று எழுதலாம். இடது கால் நடுங்கியது. வலது கால் சும்மா இருந்தது.

காசிமுக்கு போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான். சுற்றிவந்து பார்த்தான். நாங்கள் இருவரும் பின் சீட்டில் உட்கார, அவன் மேலே ஓட்டினான். எதிரே பஸ் வந்த இடத்திலெல்லாம் மிதித்தான், நின்றது. அதே பிரேக். அவன் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று விட்டுப்போன பரிசோதனைகளை 21ஆம் தேதி காலையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள். லில்லியின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. உள்ளங்கை நடுவில் வட்டமாகக் கன்றிப்போயிருக்கிறது.

"எங்க இடிச்ச?"

"கதவுல."

கதவு அவளுக்கு இடப்பக்கம். வீங்கியிருப்பது வலது கை. தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டேன். அவள் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நீங்க காலக் காட்டுங்க, கொப்பளத்துக்கு மருந்து போடணும்" என்றாள். நாற்காலியில் காலை நீட்டினேன்.

"ஹெப்சிகிட்ட நீதான சொன்ன?"

"ஆமா. கிறிஸ்துமஸ்லருந்தே சொல்லுதேன்."

"பிரேக்க மாத்தச் சொன்னியா?"

"நான் என்னத்துக்கு பிரேக்கச் சொல்லப்போறேன். அப்பா இனிமே ஓட்ட வேண்டாம்னு நீ சொல்லுட்டின்னேன். நீங்க சொல்லுங்கம்மான்னா அவ. நீ சொல்லு, நீங்க சொல்லுங்கன்னு ஏழு மாசம் போச்சு. கடசீல அவதான், அப்போ பிரேக்காவது பெருசாப் போட்டுருவோம்மான்னா. கால மாத்த முடியாதுல்லா."

"எங்கிட்ட சொல்ல என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கண் பனி மூடினாற்போல வெள்ளையாக இருக்கிறது. மற்றதால் பார்த்தாள். "கண்ண மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்க. நான் எந்த வெரலத் தொடுதேன்னு சொல்லுங்க."

மூடினேன். காத்திருந்தேன். "பெருவிரல்" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்ல."

மறுபடி மூடினேன். இந்த முறை கூர்ந்து கவனித்தேன். என் உடம்பு முழுவதையும் அந்தக் காலுக்கு அனுப்பிக் கவனித்தேன். "இப்பவும் தொடல" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், என் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

இந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரு வாக்கியம் சொல்ல ஏழு மாதமாக வாய் வரவில்லை. அவர்கள் பயந்தது மலையைப் பார்த்து அல்ல. அது எனக்கு இன்று முழுவதும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகக் கேட்காமல் செய்தது சரி என்று ஆகிவிடாது. நான் விட்டுக்கொடுத்துவிட்டதாகவும் யாரும் எண்ண வேண்டாம். கீழே உள்ளவை நடக்க வேண்டும். இன்று இரவு ஹெப்சி வந்ததும் இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுப்பேன்.

காசிம் இன்று பொழுது சாய்வதற்குள் பெரிய பிரேக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். அது நல்ல பிரேக். மிதிப்பது தெரிகிற கால் அதற்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஹெப்சி கோயம்புத்தூரிலிருந்து வரும்போது அந்தப் பிரேக்குக்கு ஏறக்கூடிய ஸ்டெப்னி ஒன்றை அந்தப் பட்டறையிலேயே வாங்கிவர வேண்டும்; இதை மட்டும் முன்கூட்டியே போனில் சொல்லியாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

நாளை காலை ஹெப்சிதான் ஓட்ட வேண்டும். நாளைக்கு மட்டும் அல்ல. இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போகக் கூடாது. எந்த வளைவிலும் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது. பனி விலகினாலும் விலகாத மாதிரியே ஓட்ட வேண்டும். சாவி, அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். என் சட்டைப் பையில் இருக்காது.

லில்லி பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ள வேண்டும். அவள் இனி எதையும் மிதிக்க வேண்டாம். கண் டாக்டரைப் பார்த்த பிறகு சர்க்கரை டாக்டரிடம் என் காலைப் பற்றி அவள்தான் பேச வேண்டும். நான் பேசமாட்டேன். காலைக் காட்டுவேன். இனிமேல் என்னைப் பற்றி ஹெப்சியிடம் சொல்வதை முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். நான் கத்தினாலும் சொல்லி முடிக்க வேண்டும்.

நான் முன்னால், இடப்பக்கம் உட்காருவேன். பின்னால் உட்காரச் சொன்னால் வரமாட்டேன்.

காசிமுக்கு இன்னொரு வேலை. டிரைவிங் ஸ்கூல் காரில் பார்த்தது போல இடப்பக்கத்திலும் ஒரு பெடல் வைக்க வேண்டும். மிதியடி தேய்ந்திருக்கும் இடத்தில் வைத்தால் சரியாக இருக்கும். அதை எதனோடும் இணைக்க வேண்டாம். இணைத்திருக்கிறதா இல்லையா என்பது என் காலுக்குத் தெரியப்போவதில்லை.